மாலையில் மட்டும் ஏறிய பிரஷர்: தண்டுவடம் முறிந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

களியக்காவிளைக்கு வடக்கே, தமிழ்நாடும் கேரளமும் ஒரே ரப்பர் தோட்டத்தின் வேலிக்குள் சந்திக்கும் பகுதியில் வீட்டுப் பராமரிப்புச் செவிலியராக வேலை செய்கிறேன். இது எங்கள் குழு பார்த்த ஒருவரின் கதை. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் சொல்லவில்லை. தவறுகளில் இரண்டு என்னுடையவை, அவற்றை மறைக்கவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 41. விடியற்காலையில் ரப்பர் வெட்டுவார், சீசனில் நல்லமிளகு பறிப்பார். ஜனவரி மாதம், அயனி மரத்தில் படர்ந்திருந்த மிளகுக்கொடியில் மூங்கில் ஏணி சாத்திப் பறித்துக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கி மல்லாந்து விழுந்தார். நெஞ்சுப் பகுதியின் 4ஆவது முள்ளெலும்பு நொறுங்கி, உள்ளே தண்டுவடமும் நசுங்கிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்ச் நடுவில் வீட்டுக்கு வந்தார். மார்க்காம்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கால்களில் அசைவு இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. சிறுநீருக்கு நிரந்தர ட்யூப், பக்கத்தில் பை.

நாங்கள் மாதம் இரண்டு முறை போவோம், எப்போதும் காலை நேரத்தில். ட்யூப் மாற்றுவது, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, பிரஷர் பார்ப்பது. மார்ச் முதல் ஜூன் வரை அவருடைய பிரஷர் 94/60க்கும் 104/66க்கும் நடுவில்தான் இருந்தது. தண்டுவடம் மேலே முறிந்தவர்களுக்கு இது சாதாரணம். நம்மில் 120 எப்படியோ, அவருக்கு 100 அப்படி. இதை நான் ஒவ்வொரு முறையும் எங்கள் பதிவேட்டில் எழுதினேன். அவர்கள் வீட்டில் இருக்கும் ஃபைலில் எழுதவில்லை. பின்னால் இதுதான் வினையானது.

ஜூன் கடைசியில் சக்கர நாற்காலி வந்தது. மதியம் 3 மணிக்குத் தூக்கி உட்கார வைத்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை திண்ணையில் இருப்பார். ஆறு மாதத்துக்குப் பிறகு ரோட்டைப் பார்த்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜூலை: தலைவலி

ஜூலை இரண்டாம் வாரம் மனைவி சொன்னார்: "அக்கா, சாயங்காலம் ஆனா இவியளுக்கு தலை வலிக்குது. முகம் மட்டும் வேர்த்து ஊத்துது. மூக்கடைப்பும் இருக்கு." அவருடைய அம்மா கண்ணேறு என்றார், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பக்கத்து வீட்டு மாமன் வாயு என்றார். நான் ஆடிச் சாரல், சளி பிடித்திருக்கும் என்றேன். அன்று காலை நான் பார்த்த பிரஷர் 98/62.

ஆகஸ்ட் முதல் வாரம் தலைவலி பொறுக்காமல் மாலை 5 மணிக்கு ஆட்டோவில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 162/100. அவருடைய அப்பா பக்கவாதத்தில் இறந்தவர். பிரஷரைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை 5 மில்லிகிராம், இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் கிளினிக்கைக் குறை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 41 வயது ஆள், குடும்பத்தில் பக்கவாதம், கருவியில் 162 என்றால் எந்த மருத்துவரும் மாத்திரைதான் எழுதுவார். அறுவை சிகிச்சைச் சீட்டு கேரள மருத்துவமனைப் பையில் இருந்தது, பிரஷர் எழுதிய என் பதிவேடு எங்கள் அலுவலகத்தில் இருந்தது. இவருடைய இயல்பான பிரஷர் 100 என்று சொல்லும் ஒரு துண்டுத் தாள்கூட அந்த மேசைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பர்: மாத்திரையும் நோட்டும்

மார்த்தாண்டத்தில் டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கினார்கள். மனைவி, ரப்பர் ஷீட் கணக்கு எழுதும் நீள நோட்டின் பின்பக்கத்தைக் கோடு போட்டு, காலை மாலை இரண்டு வேளையும் எழுதினார். மெஷினில் வரும் மூன்று எண்ணையும் எழுதினார், மூன்றாவது எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கணக்கு இப்படி இருந்தது: காலை 96/58, 72. மாலை 5.30, 168/102, 52. இரவு 8 மணி, 104/64, 70.

மாத்திரை இரவு 7 மணிக்கு. 7.30க்குள் தலைவலி போய்விடும். ஆகவே மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன். இங்கேதான் நின்று யோசித்திருக்க வேண்டும். அம்லோடிபின் மெதுவாக வேலை செய்யும் மருந்து, இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் தலைவலியை எடுக்க அதற்குத் தெரியாது. 7 மணிக்கு வேறொன்றும் நடந்தது: அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவார்கள்.

காலையில் மட்டும் அவருக்குத் தலை சுற்றியது. உட்கார வைத்தால் கண் இருட்டியது, ஒரு நாள் 82/50. நான் மெஷின் சரியில்லை என்றேன். என் கருவியை வைத்துப் பார்த்தேன், அதே எண். அப்போதும் மூன்றாவது எண்ணைப் பார்க்கவில்லை. பிரஷர் ஏறும்போதெல்லாம் நாடி 50க்கு இறங்குகிறது என்று அந்த நோட்டு இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அக்டோபர்: ஒரு வியாழக்கிழமை

ஐப்பசி மழை. ட்யூப் மாற்ற வேண்டிய நாள் கடந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ரோட்டில் தண்ணீர் என்று நான் தள்ளிப் போட்டிருந்தேன். இது என் முதல் தவறு.

மாலை 6.40க்குப் போன். "அக்கா, அவிய தலை பொட்டிப் போவும் போல இருக்குன்னு கரையுதாவ. வேர்த்து ஊத்துது, ஓடி வாங்க." காலையில் தலை சுற்றுபவர், இப்போது வேர்வை என்றதும் பிரஷர் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டினேன். "படுக்க வைங்க, காலுக்கு ரெண்டு தலையணை வைங்க" என்றேன். இது இரண்டாவது தவறு, பெரிய தவறு. 6.35க்கு மனைவி நோட்டில் 188/108 என்று எழுதியிருந்ததை நான் கேட்கவே இல்லை.

7.05க்குப் போய்ச் சேர்ந்தேன். மல்லாந்து கிடந்தார், கால்கள் தலையணை மேல். முகமும் கழுத்தும் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் வழிந்தது. சட்டையை விலக்கினால், மார்க்காம்புக்கு மேலே நனைந்த சிவந்த தோல், அதற்குக் கீழே காய்ந்து வெளிறிப்போன தோல். கோடு போட்ட மாதிரி இருந்தது. தொடையில் ரோமம் உரித்த கோழித்தோல் போலப் புல்லரித்து நின்றது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. பிரஷர் 212/118. நாடி 46.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் பயிற்சியில் படித்தது நினைவுக்கு வந்தது: ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. நெஞ்சுப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் முறிந்தவர்களுக்கு வருவது, முறிவுக்குக் கீழே நரம்புகள் கட்டுப்பாடு இழந்து பிரஷர் எகிறும் நிலை. விட்டால் மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடம் மாறலாம்.

செய்தவை, அவற்றின் காரணம்

முதலில் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தோம், கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டோம். இரத்தம் காலுக்கு இறங்கினால் தலையில் அழுத்தம் கொஞ்சம் குறையும். நான் போனில் சொன்னதற்கு நேர் எதிர். வயிற்றுப் பட்டையையும் லுங்கி மேல் கட்டியிருந்த பெல்ட்டையும் அவிழ்த்தோம். 7.10க்கு 196/110. மாமன் 108க்குப் போன் செய்தார்.

அடுத்தது ட்யூப். பையில் 200 மில்லிதான் இருந்தது, காலை 11 மணிக்குக் காலி செய்த பை. குழாயில் மடிப்பு எதுவும் இல்லை. 15 மில்லி உப்புநீரை மெதுவாக உள்ளே செலுத்திப் பார்த்தேன், போகவில்லை. அடைத்துவிட்டது. அடிவயிறு கல்லாக இருந்தது. மனைவி அதை அமுக்கிவிடப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். அமுக்கினால் பிரஷர் இன்னும் எகிறும்.

எங்கள் குழு மருத்துவர் போனில் இருந்தார். ட்யூப் மாற்றியும் மேல் அழுத்தம் 150க்குக் கீழே வராவிட்டால் பிரஷரைச் சீக்கிரம் இறக்கும் நிஃபெடிபின் 10 மில்லிகிராம் கடித்து விழுங்கக் கொடுக்கச் சொன்னார். முதலிலேயே கொடுக்கலாமே என்று கேட்டேன். "அடைப்பு எடுத்தவுடனே பிரஷர் தானா விழும். ஏற்கெனவே அம்லோடிபின் உள்ள இருக்கு. ரெண்டும் சேர்ந்தா தரையைத் தொட்டுடும்" என்றார். ஆண்மைக் குறைவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்கச் சொன்னார். பிரஷரை இறக்க நைட்ரேட் வகை மருந்து கொடுக்க நேர்ந்தால் இரண்டும் சேரக் கூடாது. கேட்டேன், படுத்திருந்தவர் இல்லை என்றார்.

ட்யூப் போடுவதே பிரஷரைத் தூண்டும். அதனால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லியை உள்ளே விட்டுக் காத்திருந்தேன். 212 பார்த்த பிறகு சும்மா நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம் என் வேலை வாழ்க்கையிலேயே நீளமானது. 7.22க்குப் புது ட்யூப் உள்ளே போனது. 500 மில்லி வந்ததும் கிளிப் போட்டேன். ஒரேயடியாகக் காலியானால் பிரஷர் சட்டென்று சரியும். 7.25க்கு 154/90, நாடி 58. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் 380. 7.40க்கு 112/68, நாடி 70. தலைவலி போய்விட்டது. "இப்ப கொள்ளாம்" என்றார், கண்ணை மூடியபடி. நிஃபெடிபின் தேவைப்படவில்லை.

எடுத்துப் போட்ட பழைய ட்யூபின் நுனியைப் பார்த்தேன். பக்கத்துக் கண் இரண்டும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவத்தால் மூடியிருந்தன. நகத்தால் சுரண்டினால் மணல் மணலாக உதிர்ந்தது.

ஏன் இப்படி நடக்கிறது

பிரஷர் என்றால் இதயம், உப்பு, கொழுப்பு என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். நிமிடத்துக்கு நிமிடம் அதைக் கட்டுப்படுத்துவது நரம்புதான். கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம் இரண்டு உத்தரவு போடும். வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்கும். தண்டுவடம் வழியாக, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளை அடக்கி, சுருங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும்.

இவருக்கு என்ன நடந்தது? நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையிலிருந்து செய்தி தண்டுவடத்தில் ஏறியது. முறிவுக்கு மேல் போக வழி இல்லை, ஆகவே அவருக்கு முட்டுகிற உணர்வே இல்லை. ஆனால் போகும் வழியில், முறிவுக்குக் கீழே இருக்கும் பரிவு நரம்பு அணுக்களை அது உசுப்பிவிட்டது. குடல், கல்லீரல், மண்ணீரல் பகுதியின் குழாய்கள் அவற்றின் கையில். உடலின் மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு அங்கேதான் தேங்கி நிற்கும். குழாய்கள் இறுக, அந்த இரத்தம் மேலே தள்ளப்பட்டது. பிரஷர் எகிறியது.

கழுத்திலிருந்த முனைகள் கண்டுபிடித்துவிட்டன, முகுளமும் இரண்டு உத்தரவையும் போட்டது. வேகஸ் தண்டுவடத்துக்குள் போவதில்லை, நேராகக் கழுத்து வழியே இதயத்துக்கு இறங்குகிறது. அதனால் முதல் உத்தரவு போய்ச் சேர்ந்தது, நாடி 46க்கு இறங்கியது. இரண்டாவது, முறிவில் நின்றுவிட்டது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பற்றி விளவங்கோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதகு கேரளத்தில், வயல் தமிழ்நாட்டில். உத்தரவு எல்லை தாண்டாவிட்டால் வயலில் என்ன நடந்தாலும் மதகுக்கு அக்கறை இல்லை. முறிவுக்கு மேலே உத்தரவு செல்லும் இடத்தில் மட்டும் குழாய்கள் விரிந்தன. அதுதான் சிவந்த முகம், மூக்கடைப்பு, தலைவலி. கீழே இறுக்கம் மாறவில்லை, அதுதான் வெளிறிய ஜில்லிட்ட கால்.

இதயத்தின் சொந்த இரத்தக் குழாய்களுக்கும் இதில் பங்கு உண்டு. இடது இதயச் சுவருக்கு இரத்தம் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலான ஓய்வில்தான் பாய்கிறது. 212 என்ற சுமையைத் தள்ளும் இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். இளம் வயது, சுத்தமான குழாய் என்றால் இதயம் சமாளிக்கும். ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு இதே மாலை மாரடைப்பாக முடிந்திருக்கலாம்.

புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் முதுகு முறிந்த வீரர்களைப் பார்த்துவந்த மருத்துவர் லுட்விக் குட்மன், விட்டரிட்ஜ் என்பவருடன் சேர்ந்து 1947இலேயே சிறுநீர்ப்பை நிரம்பினால் பிரஷர் என்ன ஆகிறது என்று எழுதிவிட்டார். ஊரக வீட்டுப் பராமரிப்பில் நாங்கள்தான் அதை மறந்துவிட்டோம்.

மருத்துவமனையில்

7.35க்கே ஆம்புலன்ஸ் வந்திருந்தது. பிரஷர் சரியான பிறகு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மறுபடி ஏறலாம், இறங்கவும் செய்யலாம், இரண்டு மணி நேரமாவது ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனோம். இசிஜி இயல்பாக இருந்தது. ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருந்தன, கல் இல்லை. சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மாலை வீட்டுக்கு வந்துவிட்டார்.

மாலைத் தலைவலியின் முடிச்சு

வியாழக்கிழமைக்குக் காரணம் ட்யூபை அடைத்த வெள்ளைப் படிவு. அதற்கு முந்தைய மூன்று மாதத்துக்கு? சனிக்கிழமை மதியம் 3 மணிக்கே போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல நாற்காலிக்கு மாற்றினார்கள். மாற்றும்போது குழாய் வலது தொடைக்கு அடியில் மாட்டி, இருக்கை விளிம்பில் மடிந்துகொண்டது. அவருக்குத் தொடையில் உணர்ச்சி இல்லை, தெரியாது. மனைவிக்கு லுங்கிக்குள் தெரியாது. பையில் சொட்டு விழவில்லை. 4 மணிக்கு 128/80, நாடி 60. குழாயை இழுத்துத் தொடைக்கு மேலாக விட்டேன், கடகடவென்று இறங்கியது. கால் மணி நேரத்தில் 100/62.

இரவு 7 மணிக்கு வேலை செய்தது மாத்திரை இல்லை, கட்டில்.

தொடர்ந்து எடுத்த முடிவுகள்

மறுவாழ்வு மருத்துவர் நோட்டை முழுக்கப் படித்துவிட்டு அம்லோடிபினை நிறுத்தினார். ஒரு வாரத்தில் காலைத் தலைசுற்றல் போய்விட்டது. கைகள் நன்றாக இருப்பவருக்கு நிரந்தர ட்யூப் எதற்கு என்றும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த நாளில் இருந்தது, அப்படியே தொடர்ந்தோம். தொற்று தீர்ந்த பிறகு, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே ட்யூப் போட்டு எடுத்துவிடும் முறையைக் கற்றுக்கொண்டார். முதல் நாள் கை நடுங்கியது, வெட்கமும் இருந்தது. நாலாம் நாள் என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அடுத்த முறையைச் சீக்கிரமாக்க வேண்டும் என்பதே விதி.

நவம்பரில் ஒரு நாள் 148/88, நாடி 54, லேசான தலைவலி. 148 பெரிய எண் இல்லை என்று தோன்றும். 100இல் இருப்பவருக்கு 48 கூடியிருக்கிறது, 20 முதல் 40 வரை கூடினாலே எச்சரிக்கைதான். சிறுநீர் எடுத்தார், 200தான், தலைவலி போகவில்லை. மூன்று நாள் வயிறு போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார். மரப்பு ஜெல்லி தடவி, சற்றுப் பொறுத்து, மலத்தை எடுத்தோம், இறங்கிவிட்டது. அதன் பிறகு மலம் கழிக்க நாள், நேரம் வைத்துக்கொண்டார்கள். படுக்கைப்புண், உள்ளே வளர்ந்த கால் நகம், இறுக்கமான செருப்பு வார் எதுவும் இதே வேலையைச் செய்யும் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

நாங்கள் மாற்றியவை

தண்டுவடம் முறிந்தவர்கள் வீட்டு ஃபைலின் முதல் பக்கத்திலேயே இப்போது முறிவின் இடமும் இயல்பான பிரஷரும் நாடியும் பெரிய எழுத்தில் இருக்கும். நாற்காலிப் பையில் ஒரு அட்டை உண்டு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இங்கே யாருக்கும் மலையாளம் புரியாமல் இல்லை. ஆனால் அவசரத்தில் வண்டி தமிழ்நாட்டுக் குழித்துறைக்குப் போகுமா, கேரளத்து நெய்யாற்றின்கரைக்குப் போகுமா என்று யாரும் சொல்ல முடியாது. பணியில் இருப்பவர் சட்டென்று வாசிக்க வேண்டும்: உட்கார வை, ட்யூபைப் பார், வயிற்றைப் பார், பிறகு மருந்து.

போனில் நாங்கள் முதலில் கேட்பது மூன்று எண்கள். எண் தெரியாதபோது உட்கார வைக்கவா, படுக்க வைக்கவா என்பதை ஊகித்துச் சொல்வதில்லை. கால் ஜில்லென்று புல்லரித்திருக்கிறதா, முகம் சிவந்திருக்கிறதா என்று கேட்கிறோம், அது தொட்டுப் பார்த்தாலே தெரியும். மாதம் இரண்டு முறை போவதில் ஒன்றை மாலைக்கு மாற்றினோம். ட்யூப் மாற்றும் நாளை மழையைச் சொல்லித் தள்ளுவதில்லை, முடியாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் செவிலியர் போவார்.

இப்போது

விழுந்து பதினேழு மாதம் ஆகிறது. நோட்டில் கடைசி மூன்று மாதமும் மாலைப் பிரஷர் 110ஐத் தாண்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்துத் தோட்டக்காரர்களின் மிளகைத் தரம் பிரித்துக் கொடுக்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. போன மாதம் ஒரு மாலை அவரே போன் செய்தார். "அக்கா, கொஞ்சம் தலை வலிச்சுது. கல்யாண வீட்டுல ரெண்டு கிளாஸ் கூடுதலா மோர் குடிச்சிட்டேன். ட்யூப் போட்டு எடுத்தேன், 620 வந்துது. இப்ப 102, நாடி 68. நீங்க வர வேண்டாம், சும்மா சொல்லணும்னு தோணுச்சு."